ஜீவனாம்சம்: சொல் எங்கிருந்து வந்தது, இன்று எதைக் குறிக்கிறது?

பிரபலம் ஒருவர் விவாகரத்து செய்தால் மறுநாள் செய்தித் தலைப்பில் தவறாமல் வந்து உட்காரும் சொல், ஜீவனாம்சம். 'இத்தனை கோடி ஜீவனாம்சமா?' என்று கீழே சண்டை நடக்கும். சிலர் அதைக் கணவனுக்கு விதித்த அபராதம் என்று நினைக்கிறார்கள். சிலர் மனைவிக்கு அடித்த அதிர்ஷ்டம் என்று நினைக்கிறார்கள். இரண்டுமே தப்பு. அது ஏன் தப்பு என்பது அந்தச் சொல்லைப் பிரித்தாலே பாதி விளங்கிவிடும்.

ஜீவனம், அம்சம் என்ற இரண்டு வடசொற்கள் சேர்ந்தது இது. ஜீவனம் என்றால் பிழைப்பு. 'ஏதோ ஜீவனம் ஓடுது' என்று இன்றும் பெரியவர்கள் சொல்வது இந்தப் பொருளில்தான். அம்சம் என்றால் பங்கு. இப்போது சிறப்பம்சம், முக்கிய அம்சம் என்று பேசிப் பேசி, அதன் பழைய பொருள் நமக்கு மறந்துவிட்டது. அழகாக இருப்பவரை 'அம்சமா இருக்கா' என்கிறோம், அது தனிக் கதை. ஆக, ஜீவனாம்சம் என்றால் பிழைப்புக்கான பங்கு. இதில் தண்டனையும் இல்லை, நஷ்ட ஈடும் இல்லை. விவாகரத்து என்ற பேச்சே இல்லை என்பதையும் கவனியுங்கள்.

பங்கு என்றால் எதில் பங்கு? சொல்லின் வரலாறு முழுக்க இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

ஒருவருடைய பிழைப்புக்கென்று ஏதாவது ஒன்றை ஒதுக்கி வைப்பது நம் ஊரில் பழைய வழக்கம். சோழர் காலக் கல்வெட்டுகளில் ஜீவிதம் என்ற சொல் வரும். ஊழியம் செய்பவருக்கு அவர் பிழைப்புக்காக ஒதுக்கிய நிலத்தை அது குறித்தது. பணமாகக் கொடுப்பதைவிட, விளைச்சலை அனுபவித்துக்கொள் என்று நிலத்தைக் காட்டிவிடுவது அந்தக் கால முறை. ஜீவனாம்சமும் அதே குடும்பத்துச் சொல்தான்.

ஆனால் அது முதலில் ஒட்டிக்கொண்டது விவாகரத்தானவர்களிடம் இல்லை, கூட்டுக்குடும்பத்து விதவைகளிடம். பழைய இந்து சட்டப்படி குடும்பச் சொத்தில் பிறப்பால் பங்கு ஆண்பிள்ளைகளுக்கு மட்டும். கணவன் இறந்துவிட்டால் மனைவிக்குப் பாகம் கிடையாது. ஆனால் சோறு, துணி, இருக்க ஓர் இடம் ஆகியவற்றை அந்தக் குடும்பச் சொத்திலிருந்து கேட்டு வாங்கும் உரிமை உண்டு. ஒரே வீட்டில் ஒத்துப்போகாதபோது அந்த உரிமையை ஒரு துண்டு நிலமாக மாற்றி எழுதிக் கொடுப்பார்கள். அப்படிப்பட்ட பழைய பத்திரங்களின் சாரம் ஏறக்குறைய ஒன்றுதான்: இந்த நஞ்சையை உன் ஆயுசு உள்ளவரை அனுபவித்துக்கொள், விற்கக் கூடாது, அடமானம் வைக்கக் கூடாது, உனக்குப் பிறகு அது குடும்பத்துக்கே திரும்பும். அதுதான் ஜீவனாம்சம். விளைச்சல் அவளுடையது, நிலம் அவளுடையது இல்லை.

இந்த ஏற்பாட்டின் தலையில் கைவைத்தது 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம். அதன் 14ஆம் பிரிவு, ஜீவனாம்சத்துக்குப் பதிலாக ஒரு பெண்ணின் கையில் இருக்கும் சொத்தும் அவளுடைய முழுச் சொத்து என்று சொன்னது. 'ஆயுள் வரை மட்டும்' என்று பத்திரத்தில் எழுதியிருந்தால் என்ன செய்வது என்ற தகராறு அதற்குப் பிறகும் இருபது ஆண்டு நடந்தது. 1977இல் துளசம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் தீர்த்து வைத்தது. ஜீவனாம்ச உரிமை என்பது ஏற்கெனவே இருக்கும் உரிமை, குடும்பத்தார் கருணையால் புதிதாகக் கொடுப்பது அல்ல, ஆகவே அந்த நிபந்தனை செல்லாது, சொத்து அவளுக்கே முழுசாகச் சேரும் என்றது தீர்ப்பு. என்னைக் கேட்டால் ஜீவனாம்சம் என்ற சொல்லைப் புரிந்துகொள்ள இந்தத் தீர்ப்பைவிட நல்ல இடம் இல்லை. வழக்கு விவாகரத்து பற்றியதே இல்லை என்றாலும்.

சரி, இந்தச் சொல் விவாகரத்துப் பக்கம் எப்போது வந்தது?

இந்து சாஸ்திர நூல்கள் திருமணத்தை முறிக்க முடியாத பந்தம் என்றன. ஆனால் ஊர் வழக்கம் அப்படி இருக்கவில்லை. தமிழ்நாட்டில் பல சமூகங்களில் பஞ்சாயத்தில் வைத்துத் தீர்த்துவிடுவதும், அறுத்துக்கட்டுவதும் இருந்தன. தாலியை அறுத்துவிட்டு வேறொருவர் கட்டும் தாலியை ஏற்பதுதான் அறுத்துக்கட்டுவது. அங்கே கணக்கு அன்றோடு முடிந்தது, மாதாமாதம் பணம் என்ற பேச்சு எழ வாய்ப்பில்லை. சட்டப்படியான விவாகரத்து இந்துக்களுக்கு இங்கே வந்தது 1949இல், சென்னை மாகாணம் தனியாக ஒரு சட்டம் போட்டபோது. பம்பாய் மாகாணம் அதற்கு இரண்டு ஆண்டு முன்னால் போட்டுவிட்டது. நாடு முழுவதற்குமான இந்து திருமணச் சட்டம் 1955இல் வந்தது. இதற்கிடையே, விவாகரத்து இல்லாமலே கணவனைப் பிரிந்து தனியாக வாழவும் பராமரிப்பு கேட்கவும் இந்து மனைவிக்கு உரிமை தந்த சட்டம் ஒன்று 1946இல் வந்தது. பிரிவுக்குப் பிந்தைய வாழ்க்கைக்குப் பணம் என்ற யோசனை அந்த வழியாகத்தான் மெல்ல நுழைந்தது. அதற்குப் பெயர் தேடியபோது, விதவைக்கு வைத்திருந்த பழைய சொல் கைவசம் இருந்தது.

இன்னொரு பக்கம் இங்கிலாந்திலிருந்து வந்தது அலிமோனி. லத்தீனில் 'அலேரே' என்றால் ஊட்டி வளர்ப்பது. கல்லூரிகளில் அலும்னி சங்கம் என்கிறோமே, அந்த அலும்னியும் இதே வேரில் முளைத்ததுதான்: ஊட்டி வளர்க்கப்பட்டவர்கள். இங்கிலாந்தில் 1857 வரை நீதிமன்றத்தில் போய் முழு விவாகரத்து வாங்க வழியில்லை. நாடாளுமன்றத்தில் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டும், அதற்குப் பெரும் பணக்காரராக இருக்க வேண்டும். மற்றவர்களுக்குத் திருச்சபை நீதிமன்றம் தந்தது, உணவு மேசையிலிருந்தும் படுக்கையிலிருந்தும் பிரிந்து வாழும் அனுமதி மட்டும். சட்டத்தின் கண்ணில் திருமணம் அப்படியே இருந்தது, அதனால் மனைவிக்குச் சோறு போடும் கடமையும் அப்படியே இருந்தது. ஆளைப் பார்க்காமலே சோறு போடுவதற்குக் கொடுத்த பணம்தான் அலிமோனி. 1857க்குப் பிறகு முழு விவாகரத்து வந்தும் பழைய பழக்கம் கூடவே வந்துவிட்டது. இதைப் பார்த்து எழுதியதுதான் 1869ஆம் ஆண்டின் இந்திய விவாகரத்துச் சட்டம். கிறிஸ்தவர்களுக்கான அந்தச் சட்டம், வழக்கு நடக்கும்போது மனைவிக்குத் தரும் மாதப்பணம் கணவனின் சராசரி நிகர வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்றது. அந்த வரம்பு 2001 வரை சட்டப் புத்தகத்தில் இருந்தது.

ஆக, இங்கே விதவைக்கான பங்கு, அங்கே பிரிந்து வாழும் மனைவிக்கான உணவுச் செலவு. இரண்டு சொற்களுமே விவாகரத்துக்கு முன்பே பிறந்தவை. இரண்டிலும் அடிப்படை ஒன்றே: இவள் இந்த வீட்டின் ஆள், இவள் பிழைப்புக்கு இந்த வீடு பொறுப்பு.

இலங்கைத் தமிழர்கள் இதற்குத் தாபரிப்பு என்கிறார்கள். தாபரிப்பது என்றால் ஆதரித்துக் காப்பாற்றுவது. அங்கே சட்டத்தின் பெயரே தாபரிப்புச் சட்டம், 1999ஆம் ஆண்டு 37ஆம் எண். இங்கே அரசுத் தமிழில் பராமரிப்புத் தொகை என்று எழுதுகிறார்கள். ஆனால் கோர்ட் வாசலில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. ஜீவனாம்சம்தான். வழக்கின் எண்ணைச் சொல்லும்போது எம்.சி., அதாவது மெயின்டனன்ஸ் கேஸ்.

அந்த எம்.சி.யைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் தமிழ்நாட்டில் ஜீவனாம்சம் என்று பேசப்படும் வழக்குகளில் நிறைய இந்த வகைதான், கோடிகள் இல்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இதற்கென்று ஒரு பிரிவு உண்டு. 1898ஆம் ஆண்டுச் சட்டத்தில் 488, 1973ஆம் ஆண்டுச் சட்டத்தில் 125, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவில் 144. வக்கீல்கள் இன்னும் பழக்கத்தில் 'நூத்தி இருபத்தஞ்சு' என்றே சொல்வார்கள். திருமண விவகாரம் குற்றவியல் சட்டத்தில் எதற்கு என்று கேட்கத் தோன்றும். கைவிடப்பட்டவர் பட்டினியில் தெருவுக்கு வந்துவிடக் கூடாது, சீக்கிரம் ஏதாவது கிடைக்க வேண்டும் என்பதுதான் காரணம். சிவில் வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுக்கும், மாஜிஸ்திரேட் சுருக்கமாக விசாரித்து உத்தரவு போடலாம். மதம் எதுவானாலும் இந்தப் பிரிவு பொருந்தும். மனைவி மட்டும் இல்லை, பிள்ளைகளும், தங்களைக் காப்பாற்றிக்கொள்ள முடியாத பெற்றோரும் இதில் கேட்கலாம்.

1973 சட்டத்தில் இந்தப் பிரிவுக்குக் கீழே ஒரு சின்ன விளக்கம் சேர்த்தார்கள். 'மனைவி' என்ற சொல், கணவனால் விவாகரத்து செய்யப்பட்ட அல்லது கணவனிடமிருந்து விவாகரத்து பெற்ற, மறுமணம் செய்துகொள்ளாத பெண்ணையும் உள்ளடக்கும் என்பது அந்த விளக்கம். படித்துப் பார்த்தால் விநோதமாக இருக்கும். விவாகரத்து ஆனவள் எப்படி மனைவி ஆவாள்? ஆனால் அது வேண்டுமென்றே செய்தது. அதற்கு முன்பு, மனைவி மனு போட்டவுடன் கணவன் அவசர அவசரமாக விவாகரத்து செய்துவிட்டு, 'இவள் இப்போது என் மனைவியே இல்லை, எந்தச் சட்டத்தில் கொடுப்பது?' என்று கேட்க முடிந்தது. அந்த ஓட்டையை அடைக்கத்தான், பணம் கேட்கும் விஷயத்தில் மட்டும் அவளை மனைவி என்றே வைத்துக்கொண்டார்கள். விவாகரத்துக்குப் பிறகும் ஜீவனாம்சம் என்பதற்கு நாட்டின் எல்லாப் பெண்களுக்கும் பொதுவான அடித்தளம் இந்த ஒரு வரிதான்.

அதே சட்டத்தில் இன்னொன்றும் இருந்தது: மாதம் 500 ரூபாய்தான் உச்சம். 1973இல் அது ஏதோ ஒரு தொகை. தொண்ணூறுகளில் அதற்கு என்ன மதிப்பு இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். 2001 திருத்தத்தில்தான் வரம்பு நீங்கியது. இடைக்கால ஜீவனாம்ச மனுவை நோட்டீஸ் சேர்ந்த 60 நாளுக்குள் முடிக்க முயல வேண்டும் என்பதும் அப்போது சேர்ந்ததுதான். வாய்தா மேல் வாய்தா வாங்கும் நம் கோர்ட்டுகளில் அந்த 60 நாள் எவ்வளவு நீளும் என்பது போனவர்களுக்குத் தெரியும்.

முஸ்லிம் பெண்களின் விஷயத்தில்தான், விவாகரத்தானவளையும் மனைவி என்று சொன்ன அந்த ஒரு வரி பெரிய புயலைக் கிளப்பியது. இந்தூரைச் சேர்ந்த ஷா பானுவுக்கு 1932இல் திருமணம், 1978இல் தலாக். ஜீவனாம்சம் கேட்டு அதற்கு முன்பே மனு போட்டிருந்தார். கணவர் வக்கீல். மஹர், அதாவது திருமணத்தின்போது மனைவிக்குத் தருவதாக ஒப்புக்கொண்ட தொகை, 3,000 ரூபாயும் இத்தா காலத்துச் செலவும் கொடுத்தாகிவிட்டது, அதற்கு மேல் கடமை இல்லை என்பது அவர் வாதம். இத்தா என்பது தலாக்குக்குப் பிறகு பெண் மறுமணம் செய்யாமல் காத்திருக்கும் காலம், மூன்று மாதவிடாய்ச் சுற்று அல்லது மூன்று சந்திர மாதம், கருவுற்றிருந்தால் பிரசவம் வரை. மாஜிஸ்திரேட் போட்ட உத்தரவு மாதம் 25 ரூபாய். உயர் நீதிமன்றம் அதை 179 ரூபாய் 20 பைசா ஆக்கியது. இந்த 179 ரூபாய்க்கான வழக்குதான் 1985 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வில் முடிந்து, நாட்டின் அரசியலையே புரட்டியது. தீர்ப்பு ஷா பானுவுக்குச் சாதகம். எதிர்ப்பு வலுத்ததும் 1986இல் ராஜீவ் காந்தி அரசு, கணவனின் பொறுப்பு இத்தா காலத்தோடு முடிவதாகத் தோன்றும்படி தனிச் சட்டம் போட்டது.

தோன்றும்படி என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. 2001இல் டேனியல் லத்தீஃபி வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தைச் செல்லும் என்றது, ஆனால் வேறு விதமாகப் படித்தது. 'இத்தா காலத்துக்குள் நியாயமான ஏற்பாடு' என்றால் இத்தா காலத்துக்கு மட்டுமான ஏற்பாடு அல்ல, அந்தப் பெண்ணின் வருங்காலத்துக்கான ஏற்பாட்டை அந்தக் காலத்துக்குள் செய்து முடிக்க வேண்டும் என்று பொருள் சொன்னது. 2024 ஜூலையில், விவாகரத்தான முஸ்லிம் பெண் விரும்பினால் 125ஆம் பிரிவிலும் போகலாம் என்பதையும் உறுதி செய்துவிட்டது.

இப்போது பெயர்க் குழப்பத்துக்கு வருவோம். பேச்சில் ஜீவனாம்சம் என்ற ஒரே சொல்லில் குறைந்தது மூன்று தனித்தனி விஷயங்களைப் போட்டு அமுக்குகிறோம். எம்.சி. ஒன்று, அதைச் சொல்லியாகிவிட்டது. இரண்டாவது, விவாகரத்து வழக்கு நடந்துகொண்டிருக்கும்போது கேட்கும் இடைக்காலத் தொகை. இந்து திருமணச் சட்டத்தின் 24ஆம் பிரிவு. வழக்கு நடத்தும் செலவையும் சேர்த்தே இதில் கேட்கலாம். பலரும் கவனிக்காத செய்தி, இதைக் கணவனும் மனைவியிடம் கேட்கலாம் என்பது. தனக்கு வருமானம் இல்லை, மனைவிக்கு இருக்கிறது என்று காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

மூன்றாவது, 25ஆம் பிரிவின் நிரந்தர ஜீவனாம்சம். இதிலும் இரு தரப்பும் கேட்கலாம். சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிவுத் திருமணம் செய்தவர்களுக்கும், கிறிஸ்தவர்களுக்கான விவாகரத்துச் சட்டத்திலும் மனைவி மட்டுமே கேட்க முடியும். விவாகரத்து ஆணையோடு சேர்த்தும் வாங்கலாம், பிற்பாடு போயும் கேட்கலாம். மொத்தமாக ஒரு தொகையாக வரலாம், மாதாமாதம் வரலாம், பணம் ஒழுங்காக வர வேண்டும் என்பதற்காகக் கணவனின் வீட்டின் மீதோ நிலத்தின் மீதோ பாத்தியதை ஏற்றி வைக்கவும் நீதிமன்றத்தால் முடியும். 'நிரந்தர' என்ற அடைமொழியை மட்டும் நம்பிவிடாதீர்கள். நிலைமை மாறினால் தொகையைக் கூட்டலாம், குறைக்கலாம். பெற்றவர் மறுமணம் செய்துகொண்டால் ரத்து செய்யலாம். இடைக்காலத் தொகை வழக்கோடு முடிந்துவிடும், இது முடியாது என்ற அளவில்தான் அது நிரந்தரம்.

இவை போதாதென்று 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்திலும் பணம் கேட்க வழி உண்டு. அப்படியானால் எல்லா இடத்திலும் மனு போட்டு எல்லாவற்றையும் வாங்கலாமா? மனு போடலாம், கூட்டி வாங்க முடியாது. ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். எம்.சி.யில் மாதம் 12,000 ரூபாய் உத்தரவாகி இருக்கிறது. பிறகு குடும்ப நல நீதிமன்றம் 24ஆம் பிரிவில் 20,000 ரூபாய் சரியான தொகை என்று முடிவு செய்கிறது. கணவன் கொடுக்க வேண்டியது 32,000 இல்லை. ஏற்கெனவே போகும் 12,000 போக மேலும் 8,000 மட்டும். முதல் உத்தரவைப் பற்றி இரண்டாவது நீதிமன்றத்தில் சொல்ல வேண்டியது கேட்பவரின் கடமை. இதை 2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது.

அந்தத் தீர்ப்பு வேறொரு காரணத்துக்காகவும் முக்கியம். அதுவரை ஜீவனாம்ச வழக்கு என்பது ஒருவித ஏலம் மாதிரி நடந்தது. அவர் மாதம் இரண்டு லட்சம் சம்பாதிக்கிறார் என்று இவர் சொல்வார், வேலையே இல்லை என்று அவர் சொல்வார், நீதிபதி நடுவில் ஏதோ ஒன்றை ஊகிப்பார். இப்போது இரு தரப்பும் சொத்து, கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்தாக வேண்டும். வீட்டு வாடகை, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், மருத்துவச் செலவு, வாங்கிய கடன், அதன் தவணை, வங்கிக் கணக்கு, முதலீடு, யாரையெல்லாம் காப்பாற்ற வேண்டியிருக்கிறது என்பது வரை அதில் கேட்கிறார்கள். பொய் சொன்னால் அது தனி வில்லங்கம். தொகையை மனு போட்ட நாளிலிருந்து கணக்கிட வேண்டும் என்பதும் அதே தீர்ப்பில்தான். வழக்கை இழுத்தடித்தால் லாபம் என்ற நினைப்புக்கு அது ஒரு அடி.

எவ்வளவு கிடைக்கும் என்பதுதான் எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி. இதற்குச் சூத்திரம் கிடையாது. 'சம்பளத்தில் 25 சதவீதம்' என்று ஒரு பேச்சு சுற்றுகிறது. 2017இல் ஒரு வழக்கில் கணவனின் நிகரச் சம்பளத்தில் 25 சதவீதம் பொருத்தமாக இருக்கும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. அதைப் பிடித்துக்கொண்டு எல்லோருக்கும் 25 என்று சொல்வது சரியில்லை. கல்யாணம் எத்தனை ஆண்டு நீடித்தது, சேர்ந்து இருந்தபோது எப்படி வாழ்ந்தார்கள், கேட்பவரின் படிப்பு, வேலை, வயது, பிள்ளைகள் யாரிடம் இருக்கிறார்கள், பிள்ளைகளுக்காக வேலையை விட்டவரா, கொடுப்பவருக்கு வேறு என்ன பொறுப்புகள் என்று பலதையும் பார்த்துத்தான் தொகை வரும்.

மனைவி வேலைக்குப் போகிறார் என்பதற்காக மட்டும் மனு தள்ளுபடி ஆகாது. அந்தச் சம்பளம், சேர்ந்து வாழ்ந்த காலத்து வாழ்க்கைக்கு ஈடாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சம்பாதிக்கும் திறமை இருப்பதும் நிஜமாகவே சம்பாதிப்பதும் ஒன்றல்ல என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மறுபக்கம், வேலை இல்லை என்று கணவன் கையை விரிக்கவும் முடியாது. உடல் திடமாக இருந்தால் உழைத்துக் கொடு என்பதே 2022 வரை திரும்பத் திரும்ப வந்த தீர்ப்புகளின் தொனி. இங்கே ஒரு விஷயத்தில் எனக்கு நீதிமன்றங்களோடு உடன்பாடு இல்லை. கல்யாணத்துக்காக வேலையை விட்டு, பதினைந்து ஆண்டு வீட்டைப் பார்த்துக்கொண்டவரிடம் 'பட்டம் இருக்கிறதே, வேலைக்குப் போகலாமே' என்று சொல்லித் தொகையைக் குறைக்கும் உத்தரவுகள் இன்றும் வருகின்றன. பதினைந்து ஆண்டு பழைய பட்டத்துக்கு எந்தக் கம்பெனி சம்பளம் தருகிறது?

ஜீவனாம்சம் இல்லாதவற்றையும் அதன் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். நகை, பாத்திரம், பெண்ணுக்கென்று பிறந்த வீட்டில் கொடுத்தவை எல்லாம் சீதனம். ஸ்திரீதனம் என்பதுதான் நம் வாயில் சீதனம் ஆனது, பெண்ணின் சொத்து என்று பொருள். அவளுடைய பொருளைத் திருப்பிக் கொடுப்பது எந்த வகையிலும் ஜீவனாம்சம் ஆகாது. 1985இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, சீதனத்தைத் தராமல் வைத்துக்கொண்டால் அது நம்பிக்கை மோசடிக் குற்றமாகும் என்று. பிள்ளைகளுக்கான செலவும் தனி. அது பிள்ளையின் உரிமை, தாய் மறுமணம் செய்துகொண்டாலும் நிற்காது. 'எனக்கு எதுவும் வேண்டாம்' என்று தாய் எழுதிக் கொடுத்துவிட்டார் என்பதற்காகப் பிள்ளையின் பங்கு போய்விடாது.

சம்மதத்தோடு பிரியும்போது பேசி முடிக்கும் மொத்தத் தொகை இருக்கிறதே, பேச்சுவழக்கில் செட்டில்மென்ட், அதில் பெரும்பாலும் இவை எல்லாம் கலந்துகிடக்கும். கொஞ்சம் நகைக்கு, கொஞ்சம் பிள்ளைக்கு, கொஞ்சம் வீட்டில் போட்ட பணத்துக்கு. செய்தியில் அது மொத்தமும் 'ஜீவனாம்சம்' என்று வந்துவிடும். ஒப்பந்தத்தில் எதற்கு எவ்வளவு என்று பிரித்து எழுதிவிடுவது நல்லது.

எப்போது கிடைக்காது? மறுமணம் செய்துகொண்டவருக்குக் கிடைக்காது. 125இல், தகுந்த காரணம் இல்லாமல் கணவனோடு வாழ மறுக்கும் மனைவிக்கும், வேறு ஒருவரோடு தொடர்ந்து உறவில் வாழ்பவருக்கும், பரஸ்பர சம்மதத்தோடு தனியாக வாழும் மனைவிக்கும் கிடையாது. கடைசியாகச் சொன்னது விவாகரத்து ஆகாமல் பிரிந்து இருப்பவர்களைப் பற்றியது. பரஸ்பர சம்மத விவாகரத்து வாங்கியவர்களை இந்தத் தடை தொடாது என்று 1995இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய.

உத்தரவு கையில் வந்தும் பணம் வராமல் போவது இங்கே சர்வ சாதாரணம். 125இன் கீழ் அதற்கும் வழி உண்டு. பாக்கியை அபராதம் வசூலிப்பது போல வசூலிக்க மாஜிஸ்திரேட் வாரண்ட் போடலாம். அப்படியும் வராவிட்டால் ஒவ்வொரு மாத பாக்கிக்கும் ஒரு மாதம் வரை சிறை. ஆனால் பாக்கி விழுந்த ஓர் ஆண்டுக்குள் மனு போட வேண்டும், இதைத் தவறவிட்டுப் பணத்தை இழப்பவர்கள் உண்டு. சிறைக்குப் போய் வந்துவிட்டேன், கணக்கு தீர்ந்தது என்று நினைக்கும் கணவன்களும் உண்டு. தீராது. சிறை என்பது கொடுக்க வைக்கும் வழி மட்டுமே, பாக்கிக்கு ஈடு அல்ல என்பது 1988 முதல் தீர்ந்துபோன சட்டம். சிறையிலிருந்து வெளியே வந்த பிறகும் அந்தத் தொகை அப்படியே நிற்கும், அடுத்த மாதத் தொகையும் அதோடு சேர்ந்துகொள்ளும்.